நிழலிலிருந்து உருவத்தை மீட்பது: ஜி.என். ராமச்சந்திரனின் பல துறை ஆய்வுகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

ஜி.என். ராமச்சந்திரனின் ஆய்வுக் கட்டுரைகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்ப்பவருக்கு, இவையெல்லாம் ஒருவரே எழுதியவைதாமா என்ற ஐயம் எழுவது இயல்பு. 1940களில் வைரப் படிகங்களைப் பற்றி எழுதுகிறார்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், ஒரு படிகம் அழுத்தத்துக்கு எவ்வளவு விறைப்பாக ஈடுகொடுக்கும் என்பதை எக்ஸ் கதிரின் உதவியால் அளக்கிறார்; 1954இல் தோலையும் எலும்பையும் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தைச் சொல்கிறார்; 1963இல் எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தும் ஒரு வரைபடத்தைத் தருகிறார்; 1971இல், உடலை வெட்டாமலேயே அதன் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கணக்கிட்டுக் காட்டும் ஒரு சூத்திரத்தை வெளியிடுகிறார். இயற்பியல், உயிர்மருத்துவம், பொறியியல் என்று மூன்று துறையினரும் அவரைத் தம்மவர் என்று சொல்லிக்கொள்ள இடமுண்டு.

இந்தப் பரப்பைக் கண்டு வியப்பதோடு நிறுத்திக்கொண்டால் அவருடைய ஆய்வுகளில் எதுவும் நமக்கு விளங்காது. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே கேள்வியின் வெவ்வேறு தோற்றங்கள் என்பது என் கருத்து. நேரே காண முடியாத ஒரு பொருள், தன் மீது பட்டுச் செல்லும் கதிரில் ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது. அந்தத் தடம் மட்டுமே நம் கையில் இருக்கும்போது பொருளின் உருவத்தை எப்படி மீட்பது? கணிதம் தெரியாதவர்களும் பின்தொடரக்கூடிய அளவில் அந்தக் கேள்வியை விளக்குவதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் அவரைப் பற்றிச் சில வரிகள். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்த ராமச்சந்திரன், திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கிருந்து சி.வி. ராமனின் இயற்பியல் துறைக்கு மாறினார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜின் கேவெண்டிஷ் ஆய்வகத்தில் பணியாற்றித் திரும்பிய அவர், 1952இல், முப்பது வயதை ஒட்டிய நிலையில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குப் பேராசிரியராகவும் தலைவராகவும் வந்தார். கொலாஜனும் புரத வரைபடமும் சென்னையில் பிறந்தவை.

கால வரிசைப்படி சொன்னால் படிகத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் புரிந்துகொள்ள எளிதானது கடைசியில் வந்த ஆய்வு என்பதால், 1971இலிருந்து பின்னோக்கிச் செல்லலாம்.

வழக்கமான எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். உடலின் ஒரு பக்கத்தில் கதிர் நுழைகிறது, மறுபக்கத்தில் மெலிந்து வெளியேறுகிறது, படச்சுருளில் பதிகிறது. எலும்பின் வழியே சென்ற கதிர் அதிகமாக மெலிந்திருக்கும், நுரையீரலின் காற்றின் வழியே சென்றது குறைவாக மெலிந்திருக்கும். இந்த நிழலில் உள்ள குறை, வழியில் எந்த இடத்தில் எவ்வளவு மெலிந்தது என்பது அதில் இல்லை. மொத்தக் கணக்கு மட்டுமே இருக்கிறது. முன்னால் இருக்கும் விலா எலும்பும் பின்னால் இருக்கும் முதுகெலும்பும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துவிடுகின்றன.

மொத்தக் கணக்கு என்று சொன்னதில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. கதிர் ஒவ்வோர் அடுக்கையும் கடக்கும்போது தன் வலிமையில் ஒரு விகிதத்தை இழக்கிறது. அதாவது பாதியாகி, அந்தப் பாதி மீண்டும் பாதியாகி என்று பெருக்கல் கணக்கில் குறைகிறது. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் கருவி மடக்கை என்பது பள்ளியில் படித்ததுதான். எனவே வெளியேறிய கதிரின் அளவுக்கு மடக்கை எடுத்துவிட்டால், கதிர் கடந்த இடங்களின் அடர்த்திகளுடைய நேரான கூட்டுத்தொகை கிடைத்துவிடும். இனி நாம் கையாள வேண்டியவை கூட்டுத்தொகைகள் மட்டுமே.

நான்கே கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தை உடலின் குறுக்குவெட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். மேல் வரிசையில் 5, 2. கீழ் வரிசையில் 1, 4. இந்த எண்கள் நமக்குத் தெரியாது. கதிர்களைச் செலுத்திக் கூட்டுத்தொகைகளை மட்டும் அளக்கிறோம். கிடையாகச் செலுத்தினால் 7, 5 என்று கிடைக்கும். செங்குத்தாகச் செலுத்தினால் 6, 6. இவ்விரண்டு நிழல்களும் போதுமா? போதா. மேல் வரிசையில் 4, 3 என்றும் கீழ் வரிசையில் 2, 3 என்றும் வைத்துப் பாருங்கள். அதே 7, 5, 6, 6 தான் வரும். இரண்டு வெவ்வேறு உருவங்களுக்கு ஒரே நிழல்கள். இப்போது மூலைவிட்டமாகவும் கதிரைச் செலுத்தினால், முதல் சதுரத்தில் 9, 3 என்றும், இரண்டாவதில் 7, 5 என்றும் வருகிறது. மூன்றாவது கோணம் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. பல கோணங்களில் நிழல் எடுக்க வேண்டும் என்பதன் காரணம் இவ்வளவுதான்.

கோணங்கள் கிடைத்துவிட்டன, எண்களை மீட்பது எப்படி? மிக எளிய வழி, ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் அது வந்த பாதையிலேயே திருப்பிப் பூசிவிடுவது. மேல் இடக் கட்டத்தின் வழியே மூன்று கதிர்கள் சென்றன. அவற்றின் அளவுகள் 7, 6, 9. கூட்டினால் 22. இவ்வாறே மேல் வலக் கட்டத்துக்கு 7, 6, 3 சேர்ந்து 16. கீழ் இடக் கட்டத்துக்கு 5, 6, 3 சேர்ந்து 14. கீழ் வலக் கட்டத்துக்கு 5, 6, 9 சேர்ந்து 20. நமக்கு வேண்டியவை 5, 2, 1, 4. கிடைத்திருப்பவை 22, 16, 14, 20. எது பெரியது, எது சிறியது என்ற வரிசை சரியாக இருக்கிறது, ஆனால் எல்லாவற்றின் மீதும் ஒரு மூட்டம் படிந்திருக்கிறது. அந்த மூட்டம் எவ்வளவு என்பதும் நமக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டத்தின் கணக்கிலும் அந்தக் கட்டத்தின் எண் மூன்று முறையும் மற்ற மூன்று எண்களும் ஒவ்வொரு முறையும் சேர்ந்திருக்கின்றன. அதாவது சொந்த எண்ணின் இருமடங்கோடு மொத்தத் தொகையான 12 கூடியிருக்கிறது. 12ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 5, 2, 1, 4 திரும்பி வந்துவிடும். பென்சிலை எடுத்து ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் சி.டி. ஸ்கேன் கருவியின் கணக்கு இதன் பெரிய வடிவமே. பூசு, பிறகு மூட்டத்தைக் கழி.

உண்மையான உடலில் நான்கு கட்டங்கள் இல்லை. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் உருவாக்கிய ஆரம்பக் கருவியிலேயே ஒரு குறுக்குவெட்டுக்கு 180 கோணங்கள், ஒவ்வொன்றிலும் 160 அளவீடுகள். ஆக 28,800 கூட்டுத்தொகைகள். கட்டங்களின் எண்ணிக்கை ஏற ஏற மூட்டத்தின் தன்மையும் மாறுகிறது. நான்கு கட்டச் சதுரத்தில் அது எங்கும் ஒரே 12 ஆக இருந்தது. பெரிய படத்தில் அப்படி இராது. வெற்று வட்டத்தின் நடுவே ஒரே ஒரு குண்டூசி நிற்பதாகக் கொள்வோம். எல்லாக் கோணங்களிலிருந்தும் அதன் நிழலைத் திருப்பிப் பூசினால், பல கோடுகள் ஊசி இருந்த புள்ளியில் வெட்டிக்கொள்ளும் ஒரு நட்சத்திரம் கிடைக்கும். கோணங்கள் மிகுந்தால் அது நடுவில் பளிச்சென்றும் வெளியே மங்கியும் செல்லும் ஓர் ஒளிவட்டமாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் மூட்டத்தில் பாதி, இரண்டு சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். உடலின் ஒவ்வொரு புள்ளியும் இப்படித் தன்னைச் சுற்றி ஒரு வால் வைத்துக்கொண்டால் படம் எப்படியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்குத் தீர்வு உண்டு என்பதை ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடோன் 1917இலேயே நிறுவியிருந்தார். எல்லாக் கோணங்களின் கூட்டுத்தொகைகளும் தெரிந்தால் உருவம் ஐயத்துக்கு இடமின்றித் தீர்மானமாகிவிடும் என்பது அவருடைய முடிவு. ஆனால் கணிதத்தில் தீர்வு உண்டு என்பதும், அளந்த எண்களைக் கொண்டு கணிப்பொறியில் அதைப் போட முடியும் என்பதும் வேறு வேறு.

நடைமுறைக்கு அப்போது கிடைத்த வழிகளில் ஒன்று ஃபூரியர் மாற்றம். எந்த வரைகோட்டையும் அகன்ற அலைகள், குறுகிய அலைகள் எனப் பலவகை அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பதே அதன் சாரம். அகன்ற அலைகள் பொருளின் பெரும்போக்கையும், குறுகிய அலைகள் அதன் நுண்ணிய விளிம்புகளையும் சுமக்கின்றன. ஒரு கோணத்தின் நிழலை இப்படி அலைகளாகப் பிரித்தால், முழு உருவத்தின் அலைக் கணக்கில் அந்தக் கோணத்தில் ஓடும் ஒரு கோடு முழுவதும் தெரிந்துவிடும். பல கோணங்களில் இதைச் செய்தால், சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல, நடுவிலிருந்து விரியும் பல கோடுகள் நிரம்பும். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஆரக்கால்கள் நடுவில் நெருக்கமாகவும் விளிம்பில் விலகியும் இருக்கின்றன. உருவமாகத் திருப்பி மாற்றுவதற்கோ, சதுரக் கட்டங்களில் சீராக அமைந்த எண்கள் வேண்டும். இடைவெளிகளை ஊகித்து நிரப்ப வேண்டும், அந்த ஊகத்தில் பிழை புகும், அன்றைய கணிப்பொறிகளில் நேரமும் வெகுவாகச் செலவாகும்.

ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, ஃபூரியர் மாற்றத்துக்குப் பதிலாகக் கன்வல்யூஷனைப் பயன்படுத்துவது பற்றிப் பேசுகிறது. கன்வல்யூஷன் என்பது பெயரில் மிரட்டினாலும் செயலில் எளியது. வரிசையாக நிற்கும் எண்களில் ஒவ்வொன்றையும் அதன் அண்டை எண்களோடு குறிப்பிட்ட எடைகளில் கலந்து புதிய எண்ணாக்குவதுதான் அது. ஐந்து நாள் வெப்பநிலையின் சராசரியை நாள்தோறும் நகர்த்தி எடுப்பதும் ஒரு கன்வல்யூஷன்தான். அங்கே எல்லா எடைகளும் சமம், அதனால் ஏற்ற இறக்கங்கள் மழுங்கிப்போகின்றன. ராமச்சந்திரனுக்கு வேண்டியிருந்தது நேரெதிரானது: பூசும்போது வரப்போகும் மூட்டத்தை, பூசுவதற்கு முன்பே, நிழலிலேயே கழித்துவைக்கும் எடைகள்.

அந்த எடைகளைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் அவற்றின் அழகு எண்களில்தான் தெரியும். அளவீட்டுப் புள்ளிகளின் இடைவெளியை ஓர் அலகாகக் கொண்டால், நடுப்புள்ளியின் எடை 0.25. அதன் இருபுறமும் ஒட்டியிருக்கும் புள்ளிகளுக்கு ஏறத்தாழ −0.101. அதற்கு அடுத்தவற்றுக்கு 0. மூன்றாவதாக நிற்பவற்றுக்கு ஏறத்தாழ −0.011. நான்காவதற்கு மீண்டும் 0. இவ்வாறே ஒற்றைப்படை இடங்களில் மட்டும் சிறுத்துக்கொண்டே செல்லும் எதிர்ம எண்கள். இருபுறமும் முடிவின்றிக் கூட்டிக்கொண்டே போனால் எதிர்ம எண்கள் அனைத்தும் சேர்ந்து −0.25 ஆகி, நடுவிலுள்ள 0.25ஐச் சரியாக ஈடுசெய்துவிடும், மொத்தம் பூஜ்யம். ஆகவே, மாற்றமில்லாமல் சமமாகப் பரந்து கிடக்கும் நிழல் இந்த எடைகளில் அடிபட்டுப்போகும். அடர்த்தி மாறும் விளிம்புகள் தூக்கலாக நிற்கும். குண்டூசியின் நிழலுக்கு இருபுறமும் இப்போது எதிர்ம எண்கள் கொண்ட பள்ளங்கள் அமைந்திருக்கும். எல்லாக் கோணங்களிலிருந்தும் திருப்பிப் பூசும்போது, ஒரு கோணத்தின் மூட்டத்தை மற்றொரு கோணத்தின் பள்ளம் விழுங்கி, ஊசி மட்டும் மிஞ்சும்.

நடைமுறையில் இதற்கு இன்னொரு பெரிய நன்மை இருந்தது. ஒரு கோணத்தின் நிழல் கிடைத்தவுடனேயே அதற்கான கணக்கை முடித்துப் படத்தில் பூசிவிடலாம். மற்ற கோணங்கள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணக்கில் இருப்பவை வெறும் பெருக்கலும் கூட்டலும். மின்பொறியாளர் ஒருவரிடம் இந்த எடைகளைக் காட்டினால், இது ஒரு வடிகட்டி என்று உடனே சொல்லிவிடுவார். ஒலியில் தாழ்ந்த சுருதியை அடக்கி உயர்ந்ததை ஏற்றிக் காட்டும் வடிகட்டியின் உறவினர் இது. மின்பொறியியல் வகுப்பில் தொடங்கி இயற்பியலுக்கு நகர்ந்தவர் இறுதியில் ஒரு வடிகட்டியால் பொறியாளர்களிடையே பெயர் பெற்றார் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அந்த ஆரம்பப் படிப்பே இதற்குக் காரணம் என்று சொல்ல என்னிடம் சான்று ஏதுமில்லை.

காரணம் வேறிடத்தில் இருக்கிறது, அது படிகங்களில். புரதங்களின் வடிவத்தைத் தேடியவர் மூளைப் படத்தின் கணிதத்துக்கு ஏன் வந்தார் என்ற கேள்விக்கும் அங்கேதான் விடை.

அணுக்களை ஏன் நேரே பார்க்க முடியாது? மூலக்கூறுகளில் அண்டை அணுக்களுக்கு இடையேயான தொலைவு ஓரிரு ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 4,000 முதல் 7,000 ஆங்ஸ்ட்ராம் வரை. இவ்வளவு அகன்ற அலை அணுக்களைக் கவனிக்காமலேயே கடந்துவிடும். தாமிரத்திலிருந்து எழுப்பப்படும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம் என்பதால் அது அணுக்களைப் பொருட்படுத்தும். ஆனால் சிதறிய எக்ஸ் கதிர்களை மீண்டும் குவித்து அணுக்களின் படமாக்கித் தரும் வில்லை அன்றைய ஆய்வாளர்களிடம் இல்லை. அவர்களால் முடிந்ததெல்லாம், சிதறிய கதிர்கள் எந்தத் திசையில் எவ்வளவு வலிமையோடு செல்கின்றன என்பதைப் படச்சுருளில் புள்ளிகளாகப் பதிவது. இதுவும் ஒரு நிழல்தான், ஆனால் எக்ஸ்ரே படத்தைப் போல உருவத்தின் சாயல் கொண்டதன்று. உருவத்தை அலைகளாகப் பிரித்த கணக்கே, அதாவது ஃபூரியர் மாற்றமே, புள்ளிகளாக அங்கே பதிந்திருக்கிறது. படிகவியலாளர் ஒருவருக்கு ஃபூரியர் கணக்கு அன்றாடப் புழக்கத்தில் உள்ள மொழி. அதனால்தான் உடலின் நிழல்களைக் கண்டபோது அது ராமச்சந்திரனுக்கு அயலாகத் தோன்றவில்லை.

இந்த இரண்டாம் வகை நிழலில் ஒரு பெரிய இழப்பு உண்டு. ஓர் அலையைச் சொல்ல இரண்டு செய்திகள் வேண்டும்: அதன் முகடு எவ்வளவு உயரம், அந்த முகடு எங்கே நிற்கிறது. படச்சுருள் முதலாவதை மட்டும் பதிகிறது. இரண்டாவதை, அதாவது அலையின் கட்டம் (phase) எனப்படுவதை, தவறவிட்டுவிடுகிறது. உயரங்கள் தெரிந்தாலும் முகடுகளை எங்கே நிறுத்திக் கூட்டுவது என்று தெரியாவிட்டால் உருவம் எழாது. இதைத்தான் படிகவியலில் கட்டச் சிக்கல் என்கிறார்கள். 1950களில் ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் இதற்கே தனியாகப் பல வழிகளைத் தேடினார்கள். நார்போன்ற பொருள்களுக்கு அப்போது பெரும்பாலும் கைகொடுத்தது மாதிரி அமைத்துப் பார்க்கும் வழி: ஓர் உருவத்தை ஊகி, அது எப்படிப்பட்ட நிழலைத் தரும் என்று கணக்கிடு, பதிவான நிழலோடு ஒப்பிடு, பொருந்தாவிட்டால் மாற்று.

கொலாஜன் இந்த வழியில்தான் பிடிபட்டது. சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே.டி. பெர்னல் அந்தப் புரதத்தின் வடிவம் இன்னும் தெளிவாகவில்லை என்று சுட்டிக்காட்டியது ஒரு தூண்டுதல். பக்கத்திலேயே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது மற்றொரு வாய்ப்பு, ஏனெனில் தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன். அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாண் நல்ல படங்களைத் தந்தது. தசைநாணில் கொலாஜன் இழைகள் ஒரே திசையில் சீராக ஓடுவதால், அது தரும் நிழலில் ஒழுங்கு கூடும்.

படத்தோடு வேதியியலிலிருந்தும் ஒரு துப்பு கிடைத்திருந்தது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமினோ அமிலங்கள் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. பக்கக் கிளை என்று சொல்லிக்கொள்ள அதற்கு ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான். சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் இப்படிச் சிறிய ஒன்று வர வேண்டிய தேவை என்ன? மூன்று சங்கிலிகள் அருகருகே பொருந்தி நிற்கின்றன, அவற்றின் நடுவே இருக்கும் நெருக்கடியான இடத்தில் கிளைசினைத் தவிர வேறெதுவும் அடங்காது என்பதே ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்ட விடை. 1954இல் 'நேச்சர்' இதழில் மூன்று சுருள் மாதிரியை வெளியிட்ட அவர்கள், அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, மூன்று சுருள்களும் ஒன்றையொன்று சுற்றிக் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருப்பதாகக் காட்டினார்கள். ஒவ்வொரு சங்கிலியும் இடப்புறமாகச் சுழல்கிறது. மூன்றும் சேர்ந்த முறுக்கு வலப்புறமாகச் செல்கிறது.

அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் அதே 1955இல் இந்த மாதிரியோடு முரண்பட்டார்கள். மூன்று சுருள் அமைப்பில் அவர்களுக்கு மாறுபாடில்லை. மூன்று அமினோ அமிலங்களுக்கு, சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் இரண்டு என்ற ராமச்சந்திரனின் கணக்கில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிடுகின்றன, ஒரு பிணைப்புதான் சாத்தியம் என்றார்கள். பிற்காலத் துல்லியமான படங்கள் அந்த ஒரு பிணைப்புக் கணக்கையே உறுதிசெய்தன. அடிப்படை அமைப்பு அவருடையது, நுணுக்கத்தில் அவர் திருத்தப்பட்டார். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

உருவம் தெரிந்ததும் அது மருத்துவத்துக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதற்குக் கொலாஜனே நல்ல சான்று. எலும்புகள் எளிதில் முறிந்துபோகும் ஒரு பிறவி நோய் உண்டு. அந்நோயாளிகள் பலரிடம், கொலாஜன் சங்கிலியில் ஏதோ ஓரிடத்தில் கிளைசினுக்குப் பதிலாக வேறொரு பெரிய அமினோ அமிலம் இருக்கிறது. ஒரே ஓர் எழுத்து மாறியதற்கு எலும்பு ஏன் நொறுங்க வேண்டும் என்பது, நடுவில் இடமில்லாத அந்த முறுக்குக் கயிற்றை மனத்தில் கொண்டால் உடனே விளங்கிவிடும்: பெரியது நுழையும் இடத்தில் கயிறு சரியாக முறுக்கேறுவதில்லை.

அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்ற குறைகூறல் ராமச்சந்திரனை வேறொரு கேள்விக்குத் தள்ளியது. அளவு என்றால் எவ்வளவு? இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு தொலைவு வரை நெருங்கலாம்? அதுவரை அறியப்பட்டிருந்த சிறிய மூலக்கூறுப் படிகங்களின் அளவுகளைத் திரட்டி, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு நெருங்குகிறது என்று அவர் குழு பட்டியலிட்டது. பிணைப்பில்லாத இரண்டு கார்பன் அணுக்களுக்கு, இயல்பான எல்லையாக அவர்கள் வைத்தது 3.2 ஆங்ஸ்ட்ராம்.

புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும், சங்கிலியின் நடுத்தண்டு சுழலக்கூடிய இரண்டு மூட்டுகள்தான் முக்கியம். அவற்றின் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். ஓர் அமினோ அமிலத்தின் மூட்டுகளுக்கும் அடுத்ததன் மூட்டுகளுக்கும் இடையிலுள்ள பகுதிகள் தட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் சங்கிலியின் வளைவு நெளிவு முழுவதும் ஏறத்தாழ இந்த இரண்டு எண்களில் அடங்கிவிடுகிறது. ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றொன்றைச் செங்குத்து அச்சிலும் வைத்து, ஒவ்வொரு கோண இணைக்கும் அணுக்கள் மோதுகின்றனவா என்று கணக்கிட்டுக்கொண்டே வந்தால், படத்தின் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட நிலமாகிவிடுகிறது. சில தீவுகள் மட்டுமே மிஞ்சுகின்றன. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் ராமச்சந்திரன் வெளியிட்ட இந்தப் படத்தைத்தான் இன்று உலகெங்கும் ராமச்சந்திரன் வரைபடம் என்கிறார்கள். புரதங்களில் அடிக்கடி காணப்படும் வடிவங்களான ஆல்ஃபா சுருளும் பீட்டா இழைகளும் அந்தத் தீவுகளில்தான் விழுகின்றன. கிளைசினுக்குப் பக்கக் கிளை இல்லாததால் அதற்கு மட்டும் நிலம் அகலம்.

இதன் அருமை எதிலிருந்து தெரிகிறதென்றால், அப்போது முழு வடிவமும் அறியப்பட்ட புரதங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. புரதங்களைப் பார்த்து வரைந்த படமன்று இது; சிறு மூலக்கூறுகளின் அளவுகளையும் அடிப்படை வடிவியலையும் மட்டும் கொண்டு, இனி வரவிருக்கும் புரதங்கள் எங்கே இருக்க முடியாது என்பதை முன்கூட்டியே சொன்ன படம். இன்றும் ஒருவர் புதிய புரத வடிவம் ஒன்றை வெளியிட்டால், அதன் கோணங்கள் இந்த வரைபடத்தில் எங்கே விழுகின்றன என்று சோதிப்பது வழக்கம். தடைசெய்யப்பட்ட நிலத்தில் பல புள்ளிகள் விழுந்தால், ஐயம் முதலில் எழுவது அந்த வடிவத்தின் மீதே.

மேலோட்டமாகப் பார்த்தால் இந்த வரைபடத்தில் நிழலும் இல்லை, மீட்பும் இல்லை. நான் சொல்லிவந்த இழை இங்கே அறுந்துவிட்டதோ என்றும் தோன்றலாம். ஆனால் நிழல் முழுச் செய்தியையும் தருவதில்லை என்பதை நான்கு கட்டச் சதுரத்திலேயே பார்த்தோம். இரண்டு உருவங்கள் ஒரே நிழல்களைத் தந்தன. அங்கே மூன்றாவது கோணம் கைகொடுத்தது. கூடுதல் கோணம் கிடைக்காத இடத்தில், எந்த உருவம் நடக்கவே நடக்காது என்ற அறிவு அதே வேலையைச் செய்கிறது. மங்கலான புள்ளிகளிலிருந்து புரதத்தை மீட்பவருக்கு, தடைசெய்யப்பட்ட நிலம் எது என்று தெரிவது ஒரு கோணத்தைக் கூடுதலாகப் பெறுவதற்கு ஒப்பாகும்.

அவருடைய எல்லா எழுத்தையும் இந்த ஓர் இழையில் கோத்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. பிற்காலத்தில் அவர் தர்க்கவியலுக்குக் கணித வடிவம் தருவதில் ஆழ்ந்திருந்தார். அதற்கும் எக்ஸ் கதிருக்கும் தொடர்பு தேடுவது வலிந்து செய்வதாகும்.

நிழலிலிருந்து உருவம் என்ற கேள்வி அவர் ஒருவருக்கே உரியதாகவும் இருக்கவில்லை. வானொலி அலைகளால் வானத்தை ஆராய்ந்த ரொனால்டு பிரேஸ்வெல், தம் தொலைநோக்கி தரும் பட்டைப் பட்டையான கூட்டுத்தொகைகளிலிருந்து வானின் படத்தை மீட்க 1956இலேயே முயன்றார், ஏ.சி. ரிடிலுடன் சேர்ந்து 1967இல் அவர் எட்டிய முறை, ராமச்சந்திரனின் கன்வல்யூஷன் முறையின் அண்ணன் என்றே சொல்லலாம். வைரஸ்களின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்கும் வழியை ஆரன் க்ளூக்கும் டேவிட் டிரோசியரும் 1968இல் காட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக் 1963, 1964ஆம் ஆண்டுகளில் உடல் நிழல்களுக்கான கணிதத்தை வெளியிட்டிருந்தார். வானம், வைரஸ், மண்டை ஓடு என்று பொருள்கள் வேறு, கணக்கு ஒன்று.

ராமச்சந்திரனின் கட்டுரை 1971 செப்டம்பரில் அச்சேறியது. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, லண்டனின் விம்பிள்டன் பகுதியிலிருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. வெளியுலகம் அதை அறிந்தது 1972இல். 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் பகிர்ந்துகொண்டார்கள். அந்த முதல் கருவி ஓடியது ராமச்சந்திரனின் முறையில் அன்று; ஓர் உருவத்தை ஊகித்து, அளவீடுகளோடு பொருந்தும்வரை படிப்படியாகத் திருத்திக்கொண்டே செல்லும் முறையில். விரைவு தேவைப்பட்ட அடுத்தடுத்த கருவிகள் வடிகட்டிப் பூசும் வழிக்கு மாறின.

மாறிய பிறகு அந்த வடிகட்டியின் குறையும் தெரியவந்தது. நுண்ணிய அலைகளை ஏற்றிக் காட்டும் எடைகள், விளிம்புகளோடு சேர்த்து, அளவீட்டில் புகுந்த தற்செயல் இரைச்சலையும் ஏற்றிக் காட்டுகின்றன. படம் கூர்மையாகவும் இருக்கும், பொடிப்பொடியாகப் புள்ளிகள் சிதறியும் இருக்கும். 1974இல் லாரி ஷெப்பும் பென்ஜமின் லோகனும் மிக நுண்ணிய அலைகளைச் சற்றே அடக்கிவைக்கும் எடைகளை முன்வைத்தார்கள். அதன் பின் இன்னும் மென்மையானவை வந்தன. உருவ மீட்புக்கான மென்பொருள்களில் எந்த வடிகட்டி வேண்டும் என்று கேட்கும் பட்டியல் ஒன்று இருக்கும். கூர்மை முக்கியமா, இரைச்சல் குறைவது முக்கியமா என்பதைப் பொறுத்துப் பயனர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் ஆகிய இருவரின் பெயர்களையும் சுருக்கி, ராம்-லாக் என்ற பெயரில் அந்தப் பட்டியலில் நிற்பது 0.25இல் தொடங்கும் அந்த எடைகள்தாம்.